பகல் இரண்டு ஐம்பத்திரண்டுக்கு வந்த போன்

அக்டோபர் 16, திங்கள்

மேல்தொட்டி வழிந்து மாடிப்படியெல்லாம் ஈரம். மிதவையை மாற்றச் சொல்லிப் பிளம்பரிடம் நான்காவது முறையாகச் சொல்லிவிட்டேன். "நாளைக்கு வர்றேம்மா" என்கிறான். நாளை என்ற சொல்லுக்கு இந்த மதுரையில் ஒரு பொருளும் கிடையாது.

விண்ணரசி காலை ஐந்தே முக்காலுக்கு வேலையிலிருந்து வந்தாள். வந்ததும் கை கழுவி, என் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டு, இரண்டு இட்லி தின்றுவிட்டுப் படுத்துவிடுவது வழக்கம். இன்று டிபன் டப்பாவைக் கழுவிய பிறகும் குழாயடியிலேயே நின்றாள்.

"அத்தை, ஒண்ணு சொல்லணும்."

"முதல்ல குழாயை மூடு. அப்புறம் சொல்லு."

"ஆபீஸ்ல சுதர்சன் சார் கூப்பிட்டுப் பேசுனாரு. டீம் லீடுக்கு என் பேரைக் கொடுத்திருக்காராம். ஐதராபாத்ல. பகல் ஷிப்ட்."

"சம்பளம்?"

"இப்ப இருபத்தேழு. அங்க நாப்பத்து மூணாம்."

"ஆயிரத்தைச் சேர்த்துச் சொல்லு. அரைகுறையாப் பேசாதே."

சிரித்தாள். "நாப்பத்து மூணாயிரம், அத்தை."

சந்தோஷம் என்றேன். என் மகன் கிளமெண்ட் கொரோனா இரண்டாம் அலையில் போன பிறகுதான் இவள் வேலை என்று ஒன்றைத் தேடினாள். கல்யாணமான நாளிலிருந்து வாசற்படியைத் தாண்டிச் சம்பாதித்தவள் இல்லை. ஆறு மாதம் ஏதோ பயிற்சிக்குப் போய், ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் சர்வீஸ் டெஸ்க்கில் சேர்ந்தாள். அமெரிக்காவில் ஏதோ ஆஸ்பத்திரிக்காரர்கள் பாஸ்வேர்டை மறந்துவிட்டு இவளைக் கூப்பிடுவார்கள். பிரிண்டர் ஓடவில்லை என்று கூப்பிடுவார்கள். இவள் இங்கிருந்தபடி பேசிப் பேசிச் சரிசெய்வாள். இரண்டு வருடத்தில் பதவி உயர்வு என்றால் கெட்டிக்காரிதான். அதை முகத்துக்கு நேரே சொல்லிக் கெடுக்கக் கூடாது.

நான் முகத்தை மாற்றிக்கொள்ளவில்லை. டிரங்க் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக எத்தனையோ சாவுச் செய்திகளை லைனில் கடத்தியவள் நான்.

அக்டோபர் 17, செவ்வாய்

பிளம்பர் வரவில்லை.

அக்டோபர் 21, சனி

அவளுக்கு விடுமுறை. கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கம் ஏதோ எழுதிக்கொண்டு, நடுநடுவே அவரைக்காய்க்கு நார் எடுத்தாள். இரண்டும் ஒழுங்காக நடக்கவில்லை.

"எல்லாத்தையும் எழுதிப் பார்த்துட்டேன் அத்தை. போனா பகல் வேலை, சம்பளம், ஒரு பேரு. போகாட்டி ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு."

"என்ன?"

"வீடு."

வீட்டை யாரும் தூக்கிக்கொண்டு போய்விட மாட்டார்கள் என்றேன்.

"நீங்க என்ன சொல்றீங்க?"

"நான் என்ன சொல்றதுக்கு இருக்கு? எனக்கும் வந்தது. எண்பத்தேழுல சூபர்வைசர் பதவி. கோயம்புத்தூருக்குப் போகச் சொன்னாங்க. கிளமெண்டுக்கு ரெண்டு வயசு. விருப்பமில்லைன்னு எழுதிக் கொடுத்தேன். என் கையால."

"வருத்தமா இல்லையா அத்தை?"

"யோசிச்சு எடுத்த முடிவுக்கு எதுக்கு வருத்தம்?"

அப்புறம் அவள் கேட்டாளே என்று பி.பி. கால் பற்றிச் சொன்னேன். பர்ட்டிகுலர் பர்சன். குறிப்பிட்ட ஆளோடு மட்டுமே பேச வேண்டிய அழைப்பு. தெருவில் ஒரு வீட்டில்தான் போன் இருக்கும். அங்கிருந்து யாராவது ஓடிப்போய் அந்த ஆளைக் கூட்டி வரவேண்டும். வரும் வரை ஆபரேட்டர் லைனை விடக்கூடாது. ஆள் கிடைக்காமல் செய்தியை மட்டும் சொல்லச் சொன்னால், அதில் ஒரு சொல்லைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. முப்பத்தெட்டு வருடத்தில் என் கையில் ஒரு செய்தி தவறியதில்லை.

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட."

"எங்க டெஸ்க்ல உங்களைச் சேர்த்திருந்தா எங்க எல்லாருக்கும் வேலை போயிருக்கும்" என்றாள்.

அக்டோபர் 25, புதன்

கண் டாக்டரிடம் தனியாகவே போய் வந்தேன். கண்ணின் அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறதாம். "யாரும்மா மருந்து விடுறாங்க?" என்று கேட்டார். மருமகள் என்றேன். "நேரம் தவறாம விடுறாங்க. நல்லாத் தெரியுது" என்றார்.

நானே விட்டுக்கொள்ளலாம். அந்தப் புட்டியின் வாயைச் சரியாகச் செய்யவில்லை. சொட்டு கன்னத்தில் விழுகிறது.

அக்டோபர் 29, ஞாயிறு

இரண்டாம் பூசை. பாடகர் குழுவில் ஆண்கள் எல்லாரும் அரை மாத்திரை பிந்திப் பாடுகிறார்கள். கேட்க ஆள் இல்லை.

ராயப்பன்பட்டியிலிருந்து விண்ணரசியின் அம்மா சேசம்மாள் போன் செய்தாள். மகளின் செல் பகலில் அணைந்திருக்கும். ஆகவே எல்லாரும் என் வீட்டு லேண்ட்லைனில்தான் கூப்பிடுவார்கள். அவளுடைய ஆபீசுக்கும் இந்த எண்ணைத்தான் கொடுத்திருக்கிறாள். சேசம்மாளுக்குக் கம்பியில் நம்பிக்கை இல்லை, சொந்தக் குரலிலேயே மதுரைக்குக் கேட்டுவிட வேண்டும் என்பதுபோல் கத்துவாள்.

"சம்பந்தி, புள்ள போகட்டும் சம்பந்தி. ஊரு மாறுனா மனசும் மாறும். முப்பத்து மூணெல்லாம் ஒரு வயசா?"

"முப்பத்து மூணும் ஒரு வயசுதான்" என்றேன்.

அவள் எதைச் சொல்ல வருகிறாள் என்று எனக்குப் புரியாமல் இல்லை. கல்லறையில் எழுத்து இன்னும் மங்கவில்லை.

நவம்பர் 2, வியாழன்

கல்லறைத் திருநாள். வெயில் ஏறுமுன் போனோம். விண்ணரசி ராத்திரி வேலையிலிருந்து நேராக வந்துவிட்டாள். கண் சிவந்திருந்தது. கிளமெண்டின் கல்லறையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். ஓரத்து ஓடுகளின் இடுக்கைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் சுத்தம் செய்தாள். பிரஷ் அவனுடையது. நான் அதை எறிந்துவிட்டதாக நினைத்திருந்தேன்.

மெழுகுவத்தி நிற்கவில்லை. காற்று. கையை வளைத்து மறைத்துக்கொண்டே பேசினாள்.

"பத்தாம் தேதிக்குள்ள சொல்லணுமாம் அத்தை. அவரு இருந்தா போகச் சொல்லிருப்பாரு."

"அவன் இருந்திருந்தா நீ வேலைக்கே போயிருக்க மாட்டே."

சொல்லியிருக்க வேண்டாம். அவள் அணைந்த மெழுகுவத்தியை இன்னொன்றிலிருந்து ஏற்றினாள். என் கணவரின் கல்லறைக்கு நான் பூவை வைத்தபோது அவள் கிளமெண்டின் பக்கமே குந்தியிருந்தாள்.

நவம்பர் 6, திங்கள்

பென்ஷனுக்கு உயிர்ச் சான்று கொடுக்கும் மாதம். வங்கிக்குப் போக வேண்டாம், செல்லிலேயே முடியும் என்று விண்ணரசி என்னை ஜன்னலோரம் உட்கார வைத்து முகத்தைப் படம் எடுத்தாள். முகம் பொருந்தவில்லை என்றது. மறுபடியும் பொருந்தவில்லை.

"கொஞ்சம் கோபத்தைக் குறைங்க அத்தை. கண்ணைச் சிமிட்டுங்க."

மூன்றாம் முறை பச்சை வந்தது.

"உசுரோட இருக்கீங்கன்னு நம்பிருச்சு. இனி ஒரு வருசத்துக்குக் கவலையில்ல."

அடுத்த நவம்பரில் யார் செய்வார்கள் என்று ஒரு கணம் தோன்றியது. வங்கிக்கே போய்விடலாம். தூரமில்லை.

நவம்பர் 9, வியாழன்

பிளம்பர் வந்து மிதவையை மாற்றினான். சிமெண்டைத் தரையில் சிந்திவிட்டுப் போய்விட்டான்.

பகல் 2.52க்கு போன். சுதர்சன். இதற்குமுன் ஒரே ஒரு தடவை பேசியிருக்கிறேன்.

"அம்மா, விண்ணரசி செல் ஆஃப்ல இருக்கு. கொஞ்சம் எழுப்பி விடுங்க. நாளைக்குன்னு சொன்ன லிஸ்டை இன்னிக்கே முடிக்கிறாங்க. நாலு மணிக்குள்ள சம்மதம்னு ஒரு மெயில் போடச் சொல்லுங்க. இல்லேன்னா அடுத்த பேருக்குப் போயிடும். நான் மீட்டிங்ல இருப்பேன், திரும்பக் கூப்பிட முடியாது."

சரி என்றேன்.

அவள் அறைக்குப் போனேன். கட்டிலில் கிளமெண்டின் பக்கம் படுத்திருந்தாள். ஒரு கை தலையணைக்குக் கீழே. வாய் இலேசாகத் திறந்திருந்தது. ஆள் குறைவென்று இரண்டு நாளாகக் கூடுதல் நேரம் பார்த்தவள். நின்றேன். ஒரு மனுஷியின் தூக்கத்தைவிட ஒரு மெயில் என்ன பெரிது? கதவைச் சாத்தினேன். கைப்பிடியைக் கீழே அழுத்திப் பிடித்துச் சாத்தினால் சத்தம் வராது.

கறிவேப்பிலை உருவினேன். ஹாலில் கடிகாரம் நான்கு அடித்தது.

நாலரைக்கு எழுந்தாள். காபி கொடுத்தேன்.

"அடிச்சுப் போட்ட மாதிரித் தூங்கிட்டேன் அத்தை. தலையெல்லாம் தெளிஞ்சிருச்சு. முடிவு பண்ணிட்டேன். நாளைக்குக் காலைல மெயில் போட்டுர்றேன்."

என்ன முடிவு என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. நான்கு மணி போய்விட்டது. இனி சொல்லிப் பயனில்லை.

நவம்பர் 10, வெள்ளி

காலையில் வந்தாள். கை கழுவினாள். என் தலையைப் பின்னால் சாய்த்து மருந்து விட்டாள். இரண்டு கண்ணுக்கும் விட்டு, மூடியைத் திருகிக்கொண்டே கேட்டாள்.

"நேத்துப் பகல்ல போன் ஏதும் வந்துச்சா அத்தை?"

"இல்லை."

கண்ணை மூடிக்கொண்டிருந்ததால் அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. கன்னத்தில் வழிந்ததைத் தன் முந்தானையால் ஒற்றி எடுத்தாள்.

"ஐதராபாத் வேற ஆளுக்குப் போயிருச்சு. போகட்டும் விடுங்க."

இட்லி சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. எதிர்வீட்டு அதிரசம் வந்தது. வெடிச் சத்தத்தில் காது மரத்துவிட்டது.

விண்ணரசி கடைக்குப் போய் ஒரு சின்ன நோட்டு வாங்கி வந்து போன் மேசையில் வைத்தாள். கூடவே ஒரு பேனா, நூல் கட்டி மேசைக் காலோடு பிணைத்து.

"யாராச்சும் கூப்பிட்டா எழுதி வச்சா நல்லதுன்னு."

எனக்கா? தபால் ஆபீசில் திருடிக்கொண்டு போவார்கள் என்று கட்டி வைப்பார்களே, அதுபோல ஒரு பேனா! என் நினைவில் இன்றைக்கும் நூற்றுக்கும் மேற்பட்ட எண்கள் இருக்கின்றன. திண்டுக்கல் தோல் மண்டிக்காரரின் எண் உட்பட.

ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் பேச்சு வேறெங்காவது போகும்.

நவம்பர் 17, வெள்ளி

வீடு பழையபடி இருக்கிறது.

நவம்பர் 20, திங்கள்

இன்று மழை என்பதால் அவளை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டார்கள். ஏழரைக்கே காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அங்கே யாரோ ஒரு நர்ஸ். ஆறு முறை தப்பான பாஸ்வேர்டைப் போட்டுவிட்டு இவள்மீது எரிந்து விழுந்திருப்பாள்போல. இவள் குரல் ஏறவே இல்லை. "பரவாயில்லை, இது எல்லாருக்கும் நடப்பதுதான், நாம் சேர்ந்தே பார்ப்போம்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். உச்சரிப்பு சுமார். பொறுமை நன்றாக இருந்தது.

அந்தக் குரலை எங்கோ கேட்டிருக்கிறேனே என்று யோசித்தேன். பத்து நாளாக என்னிடம் அதே குரலில்தான் பேசுகிறாள்.

நவம்பர் 23, வியாழன்

காலை பதினொன்று பத்துக்குச் சுதர்சன் கூப்பிட்டார். இன்றைக்கு ஆபீஸ் வண்டி அரை மணி முன்னதாக வரும் என்று சொல்ல.

"அம்மா, பக்கத்துல பேப்பர், பேனா இருக்கா?" உரக்க, ஒவ்வொரு சொல்லாக. "மெதுவா சொல்றேன். எழுதிக்குங்க. ஏழு. மணி. எழுதிட்டீங்களா?"

"எனக்குக் காது கேட்கும். சொல்லுங்க."

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. விண்ணரசி சொன்னாங்க, உங்களுக்கு ஞாபகம் கொஞ்சம் அப்படி இப்படின்னு. எங்க பெரியம்மாவுக்கும் அப்படித்தான். அன்னிக்கு ராத்திரி நான்தான் சத்தம் போட்டுட்டேன், வீட்டுல தகவல் சொல்லியும் ஏன் மெயில் வரலைன்னு. அத்தை மேல தப்பு இல்ல சார், மறந்திருப்பாங்க, வயசாயிருச்சுல்லன்னாங்க. அதோட விட்டுட்டேன்."

அன்றைக்கு ராத்திரியே. அப்படியானால் மறுநாள் காலை மருந்து விட்டுவிட்டு அவள் கேட்டபோது, எல்லாம் தெரிந்துதான் கேட்டிருக்கிறாள்.

ஏழு மணி என்று நோட்டில் எழுதினேன். நூல் கட்டிய பேனாவால்.

அவள் எழுந்ததும் செய்தியைச் சொன்னேன். "எழுதி வச்சீங்களா, நல்லதாப் போச்சு" என்றாள். அதே குரல்.

நவம்பர் 24, வெள்ளி

மறந்துவிட்டேன் என்றே இருந்துவிடலாம். யாருக்கும் நஷ்டமில்லை. வயதான பெண்பிள்ளை, மறந்துவிட்டாள். ஊரே ஒப்புக்கொள்ளும்.

எண்பத்தேழில் பதவி வேண்டாமென்ற அந்தக் கடிதத்தை நான் எழுதவில்லை. என் கணவர் எழுதினார். சாப்பாட்டு மேசையில் வைத்து, பேனாவின் மூடியைக் கழற்றி, என் பக்கம் நகர்த்தினார். நான் கையெழுத்துப் போட்டேன். அவருடைய ஆங்கிலத்தில் ஒரு பிழை இருந்தது. அதைத் திருத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

நவம்பர் 26, ஞாயிறு

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். புதிய சாமியார், சின்ன வயது. மருமகளிடம் பொய் சொன்னேன் என்றேன். "வீட்டுக்குள்ள சின்னச் சின்ன விஷயங்கள் வரும்மா" என்று மூன்று முறை 'அருள் நிறை மரியே' ஜெபம் சொல்லச் சொன்னார். ஐந்து நிமிடத்தில் மன்னித்துவிட்டார்.

முழங்காலிட்டு மூன்றையும் சொன்னேன். எழுந்து வரும்போதும் செய்தி என் கையிலேயே இருந்தது. போய்ச் சேர வேண்டிய இடம் சாமியார் இல்லை.

நவம்பர் 28, செவ்வாய்

காலை பத்து மணிக்கு நானே சுதர்சனைக் கூப்பிட்டேன்.

"நவம்பர் ஒன்பது, வியாழன், பகல் இரண்டு ஐம்பத்திரண்டு. நீங்க சொன்னது இது" என்று ஆரம்பித்து, அவர் சொன்ன அத்தனையையும் வரிசை மாறாமல் சொன்னேன். மீட்டிங்கில் இருப்பேன் என்றது வரைக்கும்.



"எனக்கு மறதி கிடையாது. வேணும்னேதான் சொல்லலை. அவ தூங்குறதைப் பார்த்துட்டு, கதவைச் சாத்திட்டு வந்தேன்."

"ஏம்மா?"

"அது உங்களுக்குத் தேவையில்லாத விவரம். நீங்க அவளைச் சத்தம் போட்டிருக்கீங்க. அது தப்பான ஆளுக்குப் போயிருக்கு. அதைத் திருத்தணும்."

பிறகு அவர் விவரம் சொன்னார். ஐதராபாத்தில் அந்த இடத்தில் ஆள் சேர்ந்தாயிற்று, ஒன்றும் செய்ய முடியாது. குறித்த நேரத்தில் பதில் தராதவர் என்று மேலிடத்தில் இவள் பேரில் பதிவாகியிருக்கிறது, அதை மாற்ற எழுதுகிறார். ஜனவரியில் இன்னொரு குழு வரலாம். சம்பளம் அந்த அளவுக்கு இருக்காது. இப்போது அவர் உரக்கப் பேசவில்லை.

விண்ணரசி நாலே காலுக்கு எழுந்தாள். காபியை அவள் கையில் கொடுக்கும்முன்பே சொல்லிவிட்டேன்.

"தெரியும் அத்தை."

"பின்னே ஏன் எனக்கு மறதின்னு சொன்னே?"

"ஆபீஸ்ல வேற என்னத்தைச் சொல்லச் சொல்றீங்க? எங்க அத்தை என்னைய விடமாட்டேங்குதுன்னா?" குரல் உடைந்தது. அந்தப் பொறுமைக் குரல் இல்லை, இவளுடைய குரல். "மறந்திருந்தீங்கன்னா நல்லாருக்குமேன்னு நானும் இத்தனை நாளாக் கும்பிட்டுப் பார்த்துட்டேன். உங்களுக்குத்தான் எதுவும் மறக்காதே!"

"என்னைக் கேட்டிருக்கலாமே."

"கேட்டேன்ல? மருந்து விட்டுட்டுக் கேட்டேன்ல? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லிருந்தீங்கன்னா, விடுங்க அத்தைன்னு சொல்லிருப்பேன்."

காபியில் ஆடை படிந்தது. யாரும் குடிக்கவில்லை.

டிசம்பர் 1, வெள்ளி

காலையும் மாலையும் மருந்து விட்டாள். பேசவில்லை.

டிசம்பர் 4, திங்கள்

கண்ணாடி முன் நின்று, தண்ணீர் நிரப்பிய பழைய புட்டியால் நானே விட்டுப் பார்த்தேன். எட்டுச் சொட்டில் இரண்டுதான் கண்ணில் விழுந்தது. அவளுடைய நேரத்தை எதற்கு வீணாக்க வேண்டும்?

டிசம்பர் 8, வெள்ளி

மாதா திருநாள். பூசை முடிந்து வந்து பார்த்தால், தூங்கப் போகாமல் எனக்காக ஆப்பம் சுட்டுக்கொண்டிருந்தாள். ஓரம் கருகியிருந்தது.

"கருகிருச்சு, தெரியுது, சொல்லாதீங்க" என்றாள்.

நான் சொல்லவில்லை. இரண்டு சாப்பிட்டேன்.

டிசம்பர் 11, திங்கள்

எட்டுச் சொட்டில் ஐந்து.

டிசம்பர் 14, வியாழன்

பகல் 12.20. சுதர்சன். "விண்ணரசி இருக்காங்களாம்மா?"

"லைன்ல இருங்க. கூப்பிடுறேன்."

ரிசீவரை மேசையில் வைத்தேன். ஹாலிலிருந்து அவள் அறைக்குப் பதினான்கு அடி. கதவைத் திறந்தேன். அதே பக்கம், அதே கை தலையணைக்குக் கீழே. அவளைத் தொட்டு எழுப்பிப் பழக்கமில்லை. தோளைத் தொட்டேன்.

"விண்ணரசி. பி.பி. கால். உனக்கு."

தலைமுடி அவிழ்ந்தபடி, செருப்பில்லாமல் ஓடினாள். நான் சமையலறைக்குப் போய்விட்டேன். ஆபரேட்டர் கேட்கக்கூடாது. ஆனாலும் கேட்டது. சரி சார். ஜனவரி எட்டு சார். சரி சார். தேங்க்யூ சார்.

வந்து கதவருகே நின்றாள்.

"முப்பத்தாறாயிரம். பகல் ஷிப்ட்தான். போறேன்னு சொல்லிட்டேன் அத்தை."

முன்னதைவிட ஏழாயிரம் குறைவு. மாதாமாதம் அவள் சம்பளத்தில் அந்த ஏழாயிரத்தின் இடத்தில் நான் செய்தது நிற்கும்.

"நல்லது" என்றேன். பிறகு கேட்டேன். "அன்னிக்கு முடிவு பண்ணிட்டேன்னு சொன்னியே. என்ன எழுதறதா இருந்தே?"

என்னைப் பார்த்தாள். கோபமாக இல்லை.

"இப்ப எதுக்கு அத்தை அது?"

கேட்கும் உரிமை எனக்கு இல்லை. மறுபடி கேட்கவில்லை.

டிசம்பர் 25, திங்கள்

கேக் நன்றாக எழும்பவில்லை. கிளமெண்டின் நட்சத்திர விளக்கை அவள்தான் மாட்டினாள். ஸ்டூலை நான் பிடித்துக்கொண்டேன்.

ஜனவரி 3, புதன்

எட்டில் ஏழு. அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். நான் விட்டுக்கொள்வதைப் பார்த்துக்கொண்டு நின்றவள் திடீரென்று மொட்டைமாடிக்குப் போய்விட்டாள். துணி எடுக்க என்றாள். கொடியில் துணி ஒன்றும் இல்லை.

ஜனவரி 6, சனி

இன்று போனாள்.

இரண்டு பெட்டி, ஒரு பை. கிளமெண்டின் பிரஷ்ஷைக் காகிதத்தில் சுற்றிப் பையின் உள்ளறையில் வைப்பதைப் பார்த்தேன். மருந்துப் புட்டிகளில் காலை, மாலை என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தாள். தேவையில்லை. விட்டுவிட்டேன். அடுத்த நவம்பர் உயிர்ச் சான்றுக்கு லீவு போட்டு வருகிறேன் என்றாள். "வரலைன்னா செத்துட்டேன்னு முடிவு பண்ணிருவாங்க, அவ்வளவுதானே" என்றேன். "உங்க முகத்தைப் பார்த்தா சாவுக்கே பயமா இருக்கும்" என்றாள்.

வண்டி ஹாரன் அடித்தது. முழங்காலிட்டாள். நெற்றியில் சிலுவை போட்டேன். கல்யாணத்தன்று போட்டது, அதற்குப் பிறகு இன்றுதான்.

சாயந்திரம் இரண்டு பேருக்கு அரிசி களைந்துவிட்டேன். மறதி இல்லை. பழக்கம்.

ஜனவரி 19, வெள்ளி

வங்கியிலிருந்து அவளுக்குக் கார்டு வேண்டுமா என்று போன், காலை 10.35. இன்சூரன்ஸ்காரர், 12.05. இரண்டையும் நோட்டில் குறித்து, அவள் மதிய இடைவேளையில் கூப்பிட்டபோது எண்களோடு சொன்னேன்.

"அதெல்லாம் சும்மா விளம்பரம் அத்தை, சொல்ல வேண்டியதில்ல."

வேண்டுமா வேண்டாமா என்று பார்ப்பது என் வேலை இல்லை என்றேன்.

பிப்ரவரி 8, வியாழன்

பகல் 11.40. சேசம்மாள். வழக்கம்போல் கத்தவில்லை. அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"அவ செல்லை எடுக்க மாட்டேங்குறா சம்பந்தி. நான் பேசுனா வச்சிர்றா. திண்டுக்கல்லுல ஒரு எடம். ஸ்கூல் வாத்தியாரு. பொஞ்சாதி தவறி நாலு வருசம். புள்ள குட்டி இல்ல. போட்டோ பார்த்துட்டுப் பிடிச்சிருக்குன்னாங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒரு பதில் கேக்குறாங்க. இதை உங்ககிட்டச் சொல்றது எனக்கே..." நிறுத்தினாள். "நீங்க சொல்ல வேணாம் சம்பந்தி. நான் பெறகு பேசிக்கிறேன்."

"நான் சொல்றேன்."

நோட்டை இழுத்துக்கொண்டேன். நேரம், பெயர், ஊர், வேலை. நான்கு வருடம். ஞாயிறு. நூல் சிறிது எட்டவில்லை. மேசையோடு நெருங்கி உட்கார்ந்து எழுதினேன். எழுத்து கோணவில்லை.

அவளுக்கு இடைவேளை ஒரு மணிக்கு. அதுவரை வெங்காயம் உரித்தேன். மத்தியான மருந்து கிடையாது, ஆனாலும் கண் எரிந்தது. கடிகாரம் ஒன்று அடித்ததும் கூப்பிட்டேன்.

"என்னத்தை, நீங்களே கூப்பிடுறீங்க? ஒடம்புக்கு ஏதும்..."

"பி.பி. கால். உனக்கு ஒரு செய்தி இருக்கு. உங்க அம்மா சொன்னது. பதினொன்று நாற்பது."

படித்தேன். ஒரு சொல்லைக் கூட்டவில்லை, ஒரு சொல்லைக் குறைக்கவில்லை. நான்கு வருடம் என்ற இடத்தில் மட்டும் மூச்சு வாங்கிக்கொண்டேன்.

அவளுக்குப் பின்னால் யாரோ தெலுங்கில் சிரிப்பது கேட்டது. தட்டு வைக்கும் சத்தம்.

"நீங்க என்ன சொல்றீங்க அத்தை?"

"ஞாயிற்றுக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும், அரசி. அவ்வளவுதான் செய்தி."

கிளமெண்ட் மட்டும்தான் அவளை அப்படிக் கூப்பிடுவான். வாயில் வந்துவிட்டது.

அவள் அழுகிறாள் என்று தெரிந்தது. நான் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவில்லை. ஆள் பேசும் வரை லைனை விடக்கூடாது.